மாடு திடீரென்று செத்தால் யாரிடம் சொல்வது?

2022 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான்கள் அடுத்தடுத்து இறந்தன. அவற்றில் ஒன்றுக்கு அடைப்பான் இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. கிராமத்து நோய் என்று நாம் ஒதுக்கிவைத்த ஆந்த்ராக்ஸ்தான் அது. ஐ.ஐ.டி.யிலிருந்து தாம்பரம் ஒன்றும் வெகுதூரமில்லை. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி என்று பெயர் சூட்டியதால் மாடம்பாக்கத்திலும் திருநீர்மலையிலும் மாடு வளர்ப்பு நின்றுவிடவில்லை. அடுக்குமாடியின் மதிலை ஒட்டியே பால் கறக்கிறார்கள்.

2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோய் என்ற சந்தேகம் வந்தாலே தகவல் சொல்லும் கடமையை மாட்டுக்காரர் மீது வைக்கிறது. சொல்லாவிட்டால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். சரி, சொன்னால் என்ன கிடைக்கும்? பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை அழித்தால் மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதியாக இழப்பீடு தருகின்றன. அடைப்பானில் தானாகச் செத்த மாட்டுக்கு அந்த வழி இல்லை. காப்பீடு இருந்தால்தான் உண்டு. செய்தி பரவினால் வாடிக்கைப் பால் நிற்கும். மறைத்தால் இறைச்சிக்கும் தோலுக்கும் கொஞ்சம் காசு தேறும். போதாததற்கு, புறநகர் மாட்டுக்காரருக்குத் தெரிந்த அதிகாரி பெரும்பாலும் தெருவில் மாட்டைப் பிடித்து அபராதம் போடுபவர்தான். கோமாரிக்கும் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸுக்கும் 2019-ல் 13,343 கோடி ரூபாயில் தடுப்பூசித் திட்டம் தொடங்கினார்கள்; நல்ல திட்டம்தான். ஆனால் ஓட்டை ஊசியில் இல்லை, மறைப்பதே லாபம் என்ற இந்தக் கணக்கில் இருக்கிறது.

அபராதத்தைப் பத்து மடங்காக்கலாமே என்பார்கள். ஆக்கினால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கிடத்திவிட்டுப் போவார்கள். அடைப்பானில் செத்த மாட்டை அறுத்தால் ரத்தத்திலுள்ள கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதை எந்த அபராதத்தாலும் திரும்பப் பொறுக்க முடியாது. மறைப்பதை நிறுத்த வேண்டுமானால் அடைப்பானில் செத்த மாட்டுக்கும் இழப்பீடு தருவதே வழி. கொடுத்தால் பொய்க் கணக்கு வரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இன்று மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை இருக்கிறது. ரத்தப் பூச்சை ஆய்வகம் பார்த்து உறுதி செய்த பிறகே பணம் என்று வைத்தால் ஏமாற்றுவது அத்தனை சுலபமில்லை. பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், நகரத்துக்கு என்ன கவலை என்பது இன்னொரு கேள்வி. காய்ச்சினால் புருசெல்லோசிஸ் கிருமி சாகும், உண்மை. கருச்சிதைந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளிப் போடுகிறவருக்கு அது எப்படி உதவும்? நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்கு அந்த நோய்க்கான ஊசி இலவசம், கேட்டு வாங்குங்கள்.

மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருரத்தம் கசிந்தால் அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், நாய்களை அண்டவிடாதீர்கள். 1962 என்ற எண்ணுக்கோ அரசு கால்நடை மருந்தகத்துக்கோ உடனே சொல்லுங்கள். உடலைத் தொட்டவர்கள் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், செத்த மாட்டைத் தொட்டதை முதலில் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகக்கூடிய நோய்தான் அடைப்பான்.