மட்கார்டைக் கழற்றிவிட்டு வாருங்கள்

கரிசல் காட்டில் மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர் முதல் வேலையாக மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட வேண்டும். சேறு தெறிக்காமல் இருக்கத்தானே அது என்று கேட்பீர்கள். தார் ரோட்டுக்கு அது சரி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், மழை பெய்த மறுநாள், தாரை விட்டு ஒரு வண்டிப்பாதையில் இறங்கிப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கரிமண் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். பிரேக் பிடிக்கவே வேண்டாம். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஏறினால் அடுத்த வேப்பமரம் வரைக்கும் போகலாம். அப்புறம் மறுபடியும் குச்சி.

எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் சைக்கிள், மீதிப்பேர் நடை. சைக்கிள்காரர்கள் முன்னால் போய் அடுப்பு மூட்டி வைப்பது, நடைக்காரர்கள் சாவகாசமாக வந்து சேர்வது என்று பேச்சு. கரிசலில் கதை தலைகீழானது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தவர்கள் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தவர்கள் பின்னால். செருப்போடு நடந்தாலும் தொல்லைதான். பத்தெட்டு வைப்பதற்குள் அடியில் மண் சேர்ந்து ஆளே அரையடி உயர்ந்துவிடுவார், பிறகு ஒரு பக்கமாகச் சரிவார்.

இந்த மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் இதே நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையெல்லாம் அந்த வெடிப்புக்குள் போய்விடும். மண் உப்பி வெடிப்பு மூடியதும் அடுத்த மழைக்கு இறங்க வழியில்லை, மேலேயே நின்று பசையாகிவிடும். சைக்கிள்காரனை அழவைக்கும் இந்தக் குணம்தான் ஈரத்தைப் பல வாரம் பிடித்து வைத்து, அப்புறம் மழையே இல்லாவிட்டாலும் பருத்தியையும் மல்லியையும் உளுந்தையும் கரை சேர்க்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் விழுந்தால் உண்டு. ஆகவே இங்கே மழை பார்க்க வர ஐப்பசியும் கார்த்திகையும்தான் காலம்.

சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதை ஒரு பழக்கமாக்கியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற லண்டன் தையல்காரர். 1897-இல் நண்பர்களோடு அயர்லாந்தின் கானமாரா பகுதியில் சைக்கிளில் சுற்றிக் கூடாரம் போட்டுத் தங்கினார். மறுவருடம் அதைப் புத்தகமாக எழுதினார். 1901-இல் சைக்கிள் முகாம்காரர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். மழைக்குப் பேர்போன அயர்லாந்தில் தங்குவதற்குக் கூடாரத்தின் எடையைக் குறைப்பதுதான் அவருடைய பெரிய கவலை. தையல்காரருக்குத் துணியைப் பற்றித் தெரியாதா! நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டையில் அந்த மனிதர் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். கூடாரமே தைத்திருக்க மாட்டார் என்பது என் கட்சி. ஏனென்றால் இங்கே அது தேவைப்படவில்லை.

கரிசலில் கூடாரத்தின் முளை நிற்காது. ஈரத்தில் அடித்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், காற்று ஒரு தரம் இழுத்தால் அதே வேகத்தில் வெளியே வரும். கண்மாய்க்குள் சமதளமாக, பசுமையாக, ஆளை அழைக்கிற மாதிரி இடம் தெரியும். அங்கே மட்டும் போடக்கூடாது. இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றோடொன்று கோத்தவை. மேலே ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குத்தான் வரும், உங்கள் ஊரில் தூறல்கூட இல்லாத இரவிலும் வரும்.

ஊருக்கு ஊர் இருக்கும் நாடக மேடைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. சிமெண்டுத் தரை, மேலே கூரை, மூன்று பக்கம் சுவர். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நடக்கும். மற்ற நாளில் ஆடுகள் ஒதுங்கும். ஆடுகளோடு நாங்களும் ஒதுங்கினோம். கேட்காமல் ஏறிப் படுக்கக்கூடாது. எங்களைப் பார்த்து வந்த பெரியவர் விசாரித்தார்.

“எந்தூர்த் தம்பி?”

“மதுரை ஐயா. சும்மா சைக்கிள்ல சுத்திப் பாக்க வந்தோம்.”

“இந்த மழையிலயா? வேல சோலி இல்லையாக்கும்?” என்றவர், வீட்டுக்குப் போய் ஒரு பனம்பாயும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தனுப்பினார்.

எங்களில் ஒருவன் அவரிடம், “நல்லா சுத்திப் பாக்கலாம்னு வந்தோம், மழை கெடுத்துருச்சு” என்று சொல்லிவிட்டான். பெரியவர் முகம் மாறிவிட்டது. “அப்படிச் சொல்லாதீக தம்பி. கம்மா இன்னும் பாதிகூடப் பெருகல” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் யாரும் மழையைக் குறை சொல்லவில்லை. வானம் பார்த்த பூமியில் நின்றுகொண்டு விடுமுறைக்கு வந்தவன் மழையைச் சலித்துக்கொள்வதைப் போல அசிங்கம் வேறில்லை.

மறுநாள் காலையில் களையெடுக்கப் போகும் பெண்கள் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு போனார்கள். முதுகு நனையாது, இரண்டு கையும் வேலைக்குச் சும்மா இருக்கும், காற்றும் உள்ளே போகும். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய ரெயின்கோட்டுக்குள் வேர்வையிலேயே நனைந்துகொண்டிருந்தோம். நடைக்காரர்களில் இருவர் டீக்கடையில் ஆளுக்கொரு பழைய சாக்கு வாங்கிக்கொண்டார்கள்.

மழைக்குப் பயப்பட வேண்டாம், இடிக்குப் பயப்பட வேண்டும். ஐப்பசி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு, இடியோடு வரும். பொட்டல் காட்டில் சைக்கிள் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவன்தான் உயரமான பொருள். அவனை விட்டால் ஒற்றைப் பனை. அந்தப் பனையடியில் போய் ஒதுங்குவது இரட்டை முட்டாள்தனம். விடிகாலையில் கிளம்பி மூன்று மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுவது நல்லது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்து நாள் முழுக்க நசநசவென்று தூறினால் அது வேறு கணக்கு, தாராளமாக நனைந்துகொண்டே போகலாம்.

சீமைக்கருவேல முள்ளுக்குப் பருவம் கிடையாது. கண்மாய்க் கரையில் ஏறினால் பஞ்சர் நிச்சயம். மழைநாளில் ஒரு வசதி, டியூபை அமுக்கிக் குமிழி பார்க்க வாளி தேட வேண்டாம். பக்கத்துப் பள்ளமே போதும். அதே முள்மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அடைமழை பிடித்தால் அவர்களுக்கு வேலை நின்றுவிடும். மழையால் நஷ்டம் என்று இங்கே யாராவது சொல்ல உரிமை இருந்தால் அது அவர்களுக்குத்தான்.

திருச்சுழியில் நுழைந்தபோது குண்டாற்றில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று இது, சுந்தரர் பாடியது. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திச் சுழித்து உள்ளே இறக்கினார் என்பது தலபுராணம். குடிதண்ணீருக்கே அல்லாடும் சீமையில் வெள்ளத்தை வடியவைத்த கதை! மழைக்கு ஒதுங்கத் திருமேனிநாதர் கோயில் மண்டபத்தை மிஞ்சிய இடமில்லை.

பக்கத்திலேயே ரமண மகரிஷி பிறந்த வீடு, சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30-இல் இங்கே பிறந்தவர், அப்போது வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல். பையன் அப்பாவின் பழைய கேஸ் கட்டுக் காகிதங்களை எடுத்துக் கத்திக் கப்பல் செய்து தண்ணீரில் விட்டானாம். அப்பா கோபித்ததும் ஆளைக் காணோம். தேடினால், கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். திருவண்ணாமலைக்கு 1896-இல் ஓடிப்போனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ காகிதக் கப்பல் விட்ட பையனைத்தான் பிடித்திருக்கிறது.

திரும்பும்போது தார் ரோட்டிலேயே வந்தோம். அருப்புக்கோட்டையில் சேவும் டீயும் முடித்து, ஒரு சைக்கிள் கடையில் செயினைக் கழுவக் கொடுத்தோம். ஈரம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்; காய்ந்த கரிசல் பல்சக்கரத்தில் சிமெண்டு பூசிய மாதிரி பிடித்துக்கொள்ளும், மண்ணெண்ணெய்க்கும் மசியாது. கடைக்காரர் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “காட்டுக்குள்ள இறங்குன வண்டியா? அப்ப ஒரு பங்கு கூடக் குடுங்கண்ணே” என்றார். பேரம் பேசாமல் கொடுத்தோம்.