மிதிக்கிறோம்; வழி எங்கே?

தோழனே!

"என்னப்பா, இப்படி ஆகிவிட்டாயே!" என்றார் அண்டை வீட்டு நண்பர். குரலிலே இரக்கம், கண்ணிலே ஏளனம். எனக்கு என்ன ஆகிவிட்டது? வேலை போய்விட்டதா? வீடு ஏலத்துக்கு வந்துவிட்டதா? கடன்காரன் கதவைத் தட்டிவிட்டானா? எதுவும் இல்லை. புதுச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து வாசலிலே நிறுத்தியிருந்தேன். அவ்வளவுதான்!

ஸ்கூட்டர் வைத்திருப்பவன் கார் வாங்கினால் 'முன்னேறிவிட்டான்' என்கிறது ஊர். அதே ஆள் சைக்கிள் வாங்கினால் 'நொடித்துவிட்டான்' என்கிறது. ஒன்றிலே எரிவது பெட்ரோல்; மற்றொன்றிலே எரிவது உழைப்பு. பெட்ரோல் எரிந்தால் பெருமையாம், உழைப்பு எரிந்தால் சிறுமையாம்! இப்படி ஒரு நீதியை யார் எழுதி வைத்தார்களோ, அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சைக்கிளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு மந்தைவெளியில். வேலை தியாகராய நகரில். இடையே உள்ள தூரம் ஐந்து கிலோ மீட்டர் இருக்கலாம். 2021-ஆம் ஆண்டிலே சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். பால்காரருக்குத் தர வேண்டியதைப் பெட்ரோல் பங்கிலே தந்துவிட்டு, பால்காரரிடம் 'அடுத்த வாரம்' என்று அசடு வழிந்த மாதங்கள் பல. ஐந்து கிலோ மீட்டர் போக ஓர் இயந்திரம் எதற்கு என்று ஒருநாள் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்கவில்லை, சைக்கிள் வாங்கினேன்.

ஓட்டத் தெரியுமா என்கிறாயா? நன்றாகக் கேட்டாய்! மணிக்கணக்கில் வாடகை பேசி எடுத்த பெரிய சைக்கிளிலே, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவன் நான். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. பழகிய கால்தானே என்று ஏறினேன். பத்து ஆண்டுகள் மோட்டாரிலே சும்மா தொங்கிக் கிடந்த கால்கள் அவை என்பது, லஸ் முனை வருவதற்குள் தெரிந்துவிட்டது!

முதல் வாரம், தோழனே, சொல்லத் தரமில்லை. உட்கார முடியாத வலி. ஆழ்வார்பேட்டை வந்தால் மூச்சு வாங்கும். எல்டாம்ஸ் சாலையைக் கடந்து அண்ணா சாலை விளக்கிலே நிற்கும்போது தொடை இரண்டும் நடுங்கும். எதிரே தியாகராய சாலை. கூப்பிடு தூரத்தில் அலுவலகம். அதுவே அயல்நாடு போலத் தோன்றும். ஒருநாள் மாலை அடையாறில் ஒரு தோழரைப் பார்க்கக் கிளம்பினேன். திரு.வி.க. பாலத்தின் மீது கடற்காற்று கையை நீட்டி மார்பிலே தள்ளுகிறது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பாலம் முடிந்தபாடில்லை. "விற்றுவிடலாம்" என்று அன்றிரவு வீட்டிலே சொன்னேன். "வாங்கி எட்டு நாள் ஆகவில்லையே" என்றாள் துணைவி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மறுநாளும் ஏறினேன்.

காப்பாற்றியவர் ஒரு பெரியவர். மயிலைக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் பஞ்சர் ஒட்டுபவர். கை முழுவதும் கிரீஸ், பேச்சிலே குறும்பு. நான் ஓட்டி வருவதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, சீட்டை ஏன் இவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கிறாய்?"

"இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமே, ஐயா."

"நிற்பதற்கா வண்டி வாங்கினாய், போவதற்கா?"

சீட்டை ஏற்றினார். "பெடல் அடியிலே வரும்போது குதிகாலை அதன்மேல் வை. கால் நேராக நீள வேண்டும். அதுதான் உன் அளவு. பிறகு முன்பாதத்தால் மிதி, முழங்கால் கொஞ்சம் மடங்கினாற்போல் நிற்கும், நோகாது" என்றார். மறுநாளே பாதி வலி பறந்தது!

மீதி வலிக்கும் விளக்கம் சொன்னார். உட்காரும்போது உடலின் பாரம் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. புதுச் சீட்டிலே அந்த இடம் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதலில் நாள் விட்டு நாள் ஓட்டு. பஞ்சு மெத்தை உறையைத் தேடி ஓடாதே, மிக மெத்தென்று இருந்தால் பாரம் வேண்டாத இடத்தில் அழுந்தும். "உனக்கு மட்டுமா பழக வேண்டும்? வண்டிக்கும் பழக வேண்டும்" என்றார். புது வண்டியிலே பிரேக் ஒயர் நீளும். சக்கரத்துக் கம்பிகள் இடம் பிடித்துத் தளரும். ஒரு மாதத்தில் கொண்டு வந்து முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை காற்று. மழையில் நனைந்தால் செயினுக்கு எண்ணெய். காற்றில்லாத டயர் ஏறுகிறவனின் உயிரை வாங்கும். நாமோ சைக்கிளையே பழி சொல்வோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை நேரம். லஸ் வந்தது, ஆழ்வார்பேட்டை வந்தது. மூச்சு வாங்குகிறதா என்று நான் கவனிக்கவே மறந்துபோனேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, உடல் பழகிவிட்டது என்று. வெயிலா? சித்திரை நண்பகலிலே யார் போகச் சொன்னது? எட்டரைக்கு முன் கிளம்பு. பையிலே ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை. தீர்ந்தது சிக்கல்.

உடல் பழகியது, வண்டி பழகியது. ஆனால், தோழனே, பழகாதது ஒன்று மீதி இருந்தது. அதுதான் சாலை!

நிறுத்தியிருந்த காரின் கதவு ஒன்று திடீரெனத் திறந்தது. கதவின் விளிம்பு கைப்பிடியைத் தட்ட, நான் கீழே. உள்ளே இருந்தவர் முதலில் பார்த்தது என் முழங்கையை அல்ல, தம் கதவை! அன்று முதல் நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே போகிறேன். தள்ளிப் போனால் பின்னாலிருந்து ஆரன் அலறுகிறது. ஓரம் போனால் கதவு, நடுவே போனால் ஆரன். இரண்டாம் கட்ட மெட்ரோ பணிக்காக அண்மை ஆண்டுகளில் மயிலைப் பக்கமெல்லாம் சாலையிலே தகரத் தடுப்புகள் எழுந்தன. இருந்த இடமும் சுருங்கிற்று. மெட்ரோ வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் சாலை சுருங்கும்போதெல்லாம் முதலில் இடம் இழப்பவன் யார்? மிதிக்கிறவன்! மிதிக்கிறவனும் நான்தான், மிதிபடுகிறவனும் நான்தான்.

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்கக் கூடாது. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் நானும் போயிருக்கிறேன். விளக்கில்லாமல் இருட்டிலே வந்திருக்கிறேன். தவறு. உரிமை கேட்கும் கை, முதலில் விளக்கைப் போட வேண்டும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். முன்னதாகவே பிடிக்கப் பழக வேண்டும்.

இனி, என் நெஞ்சைச் சுட்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாயிலிலே காவலர் தடுத்தார். வயதானவர். "தம்பி, சைக்கிளுக்கு உள்ளே இடம் இல்லை. காருக்கும் ஸ்கூட்டருக்கும்தான். மேலே இருப்பவர்கள் உத்தரவு." நேற்று வரை அதே வாயிலில் ஸ்கூட்டரோடு நுழைந்தவன் நான், அப்போது சலாம் வைத்தவரும் அவர்தான்.

கோபத்தோடு கேட்டேன்: "பெரியவரே, நீங்கள் எதில் வருகிறீர்கள்?"

அவர் பேசவில்லை. மதில் சுவருக்கு வெளியே, குப்பைத் தொட்டிக்கு அப்பால் கையைக் காட்டினார். மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு பழைய சைக்கிள்!

என் கோபம் அப்படியே அடங்கிப்போயிற்று. வாயிலைக் காக்கிறவரின் வண்டிக்கே வாயிலில் இடம் இல்லை! பெட்டி நிறையப் பணம் இருந்தும் காவலுக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் ஏறி வந்த வண்டி மட்டும் கண்ணில் படக் கூடாது!

இது புதிதல்ல, தோழனே. தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றிலே, ஆதிக்கச் சாதியார் தெருவுக்குள் நுழைந்ததும் ஒடுக்கப்பட்டவன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை நடந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே சைக்கிளில் ஏறினால் திமிர். இங்கே சைக்கிளில் வந்தால் தரித்திரம். சொல் மாறினாலும் பார்வை ஒன்றுதான். உழைக்கிறவன் எந்த உயரத்தில் அமர வேண்டும் என்பதை வேறொருவன் முடிவு செய்கிறான்!

ஆனால் இந்த வண்டியின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இன்று நாம் ஓட்டுவது போன்ற, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான வண்டியை அமைத்தார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். 1949-இல் நம் அம்பத்தூரிலேயே டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கிற்று. குதிரை வைத்திருந்தவனுக்கே சொந்தமாக இருந்த தூரம், கூலிக்காரனுக்கும் சொந்தமாயிற்று!

1948-இல் வெளிவந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்திலே, ரோம் நகரத் தொழிலாளி ஒருவனுக்கு வேலை கிடைக்கிறது. என்ன வேலை? சுவரொட்டி ஒட்டும் வேலை! நம் தோழர்களுக்குத் தெரிந்த வேலைதான். சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. வேலையின் முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. போனது இரும்பா? இல்லை, ஒரு குடும்பத்தின் சோறு!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்ணும் வயலில் நாற்று நடும் பெண்ணும் பல்லாயிரக் கணக்கில் ஏறி மிதித்தார்கள். எள்ளி நகையாடியவர்கள் உண்டு, அவர்கள் இறங்கவில்லை. ஆண்கள் ஓட்டும் வண்டியே போதும், பாரிலே பிள்ளையை உட்கார வைக்கலாம் என்றவர்களும் அவர்களில் உண்டு! 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரும் திட்டம் தமிழ்நாட்டிலே தொடங்கிற்று. பின்னர் எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறின, அந்தத் திட்டம் நிற்கவில்லை. ஏன்? பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டித்தானே பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தினார்கள்!

வண்டி கொடுத்தோம். வழி கொடுத்தோமா?

2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. நடப்போருக்கும் மிதிப்போருக்குமான கொள்கை. போக்குவரத்துக்கான நிதியிலே குறைந்தது 60 விழுக்காடு அவர்களுக்குச் செலவிடப்பட வேண்டும் என்றது. 2018-க்குள் நடந்தும் மிதித்தும் செல்வோரில் ஒருவர்கூடச் சாலையில் சாகாத நிலையை எட்ட வேண்டும் என்று இலக்கும் வைத்தது. அருமையான காகிதம்! அந்த ஆண்டு வந்தது, போனது. ஆண்டுகள் பல கடந்தன. மந்தைவெளியிலிருந்து தியாகராய நகர் வரை தினமும் போகிறேன்; எனக்கென்று ஒரு முழம் அகலத்துக்குக் கோடு போட்ட சாலையை நான் காணவில்லை.

முடியாத காரியமா? 2019 நவம்பரில் அதே பாண்டி பசாரிலே நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். வணிகம் படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். இன்றும் அங்கே கூட்டம் குறையவில்லை. இடம் விட மனம் இருந்தால் இடம் இருக்கிறது!

நெதர்லாந்தைப் பார் என்பார்கள், ஏதோ அந்நாட்டார் சைக்கிள் பாதையோடு பிறந்தவர்கள் போல! 1971-இல் அந்தச் சின்ன நாட்டிலே சாலை விபத்தில் மாண்டவர் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றவர்கள் கொதித்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெயர் வைத்தே இயக்கம் தொடங்கித் தெருவிலே இறங்கினார்கள். அந்தப் போராட்டம் ஈன்ற பாதைகள்தாம் இன்று உலகம் வியக்கும் பாதைகள். கேட்டார்கள், பெற்றார்கள். நாம் கேட்டோமா?

நான் கேட்டுப் பார்த்தேன், சிறிய அளவிலே. எங்கள் கட்டடத்தில் சைக்கிளில் வருவோர் யார் யார் என்று விசாரித்தேன். தேநீர் கொண்டு வரும் பையன், துப்புரவுப் பணி செய்யும் அம்மாள், கணக்கு எழுதும் ஒருவர், காவலர், நான். மொத்தம் பதினொரு பேர்! ஒருவர் வண்டி மற்றவருக்குத் தெரியாமல் மரத்தடியிலும் சந்திலும் மறைந்து கிடந்தன. பதினொரு பேரும் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். நாங்கள் கேட்டது ஒரு கார் நிற்கும் இடம், ஓர் இரும்புக் கம்பி, அவ்வளவே. முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். மூன்றாம் வாரம் கம்பி நட்டார்கள்.

நேற்றுக் காலை உள்ளே நுழைந்தேன். கம்பியின் முதல் இடத்திலே அந்தப் பழைய சைக்கிள், துடைத்து எண்ணெய் போட்டு நிற்கிறது. பெரியவர் எனக்குச் சலாம் வைக்கவில்லை. "வா தம்பி, இப்படி நிறுத்து" என்று கையைப் பிடித்து இடம் காட்டினார்.

பதினொரு பேர் கேட்டதற்கு ஒரு வாயில் திறந்தது, தோழனே. ஆயிரக் கணக்கிலே மிதிக்கிறோம் இந்த மாநகரில். நீ வேலை பார்க்கும் இடத்தில் எத்தனை சைக்கிள் மறைந்து கிடக்கிறது என்று நாளைக் காலை எண்ணிப் பார். எண்ணிய பிறகு, ஒரு தாளை எடு!