காரில் எது, எங்கே இருக்க வேண்டும்?

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கிளம்பும் கார்களின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். துணிப் பைகள், முறுக்கு டின்கள், பாட்டிக்கு வாங்கிய மின்விசிறி எல்லாம் இருக்கும். அவற்றுக்கு அடியில், கார் வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காத ஒரு சிவப்பு முக்கோணம் கிடக்கும். நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு வண்டி நின்றுவிட்டால் அதை எடுக்க எல்லாப் பைகளையும் இறக்க வேண்டும்; அதுவும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பறக்கும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! அவசரப் பொருள் காரில் இருந்தால் மட்டும் போதாது, சரியான இடத்திலும் இருக்க வேண்டும். அந்த இடம் எது என்பதை நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே சொல்லிவிடும்.

முக்கோணத்திலிருந்தே தொடங்குவோம். அதில் மின்கலமும் இல்லை, விளக்கும் இல்லை. பிறகு எப்படி இரவில் அப்படி ஒளிர்கிறது? அதன் சிவப்பு பிளாஸ்டிக்கை உற்றுப் பார்த்தால் தேன்கூடு போலச் சிறுசிறு கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஓர் அறையின் மூலையைப் போன்றது. அங்கே மூன்று பரப்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றன. சாதாரணக் கண்ணாடியில் சாய்வாக விழும் ஒளி மறுபக்கம் தெறித்துப் போய்விடும். மூலையில் விழும் ஒளியோ மூன்று பரப்புகளிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்புகிறது. காரின் முன்விளக்கும் ஓட்டுநரின் கண்ணும் அருகருகே இருப்பதால், திரும்பி வரும் ஒளி அவர் கண்ணில் பளிச்சென்று படுகிறது. சாலையோரத்தில் நிற்கும் உங்களுக்கு அதே முக்கோணம் மங்கலாகத்தான் தெரியும். அதனால் அது வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1969-இல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பலகையிலும் இத்தகைய 100 மூலைகள் இருக்கின்றன. பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு நிலவின் தூரத்தை அளக்கிறார்கள்.

சரி, முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வைப்பது? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். ஆபத்தைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் வண்டி 45 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 70 மீட்டராவது வேண்டும். மழை பெய்திருந்தால் அதற்கும் மேல். ஆக, காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி முக்கோணத்தை வைப்பதால் யாருக்கும் பயனில்லை. நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அது சுமார் 140 எட்டு. அவ்வளவு தூரமும் இரும்புத் தடுப்புக்கு வெளிப்பக்கமாக நடக்க வேண்டும். அப்படி நடக்க வழியில்லை என்றால் முக்கோணத்தை விட்டுவிடலாம். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்பைத் தாண்டி நின்று, உதவிக்கு அழைப்பதே மேல். நின்றுபோன காருக்குள் உட்கார்ந்திருப்பதும் அதன் பின்னால் நிற்பதும்தான் மிகவும் ஆபத்தானவை.

ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் கொண்ட மேலங்கியையும் இதே காரணத்தால் ஓட்டுநரின் கதவுப் பையில் வைக்க வேண்டும். பின்பெட்டி வரை நடந்துபோய் அதை எடுப்பதற்குள் ஆபத்தான நேரத்தில் பாதி கடந்துவிடும். முக்கோணம் பின்பெட்டியில் இருக்கலாம், ஆனால் எல்லாப் பைகளுக்கும் மேலே இருக்கட்டும்.

அடுத்தது ஜம்பர் கேபிள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய கேபிளை வாங்குவோர் பலர். கார் எஞ்சினை முடுக்க 200 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளின் மின்தடை வெறும் 0.01 ஓம் என்றாலும், ஓமின் விதிப்படி 2 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் 2 போனால் எஞ்சின் முனகுமே தவிர ஓடாது. எனவே தடித்த கேபிள்தான் வேண்டும்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் சிவப்புக் கவ்வியைத் தீர்ந்துபோன மின்கலத்தின் நேர்முனையில் மாட்ட வேண்டும். சிவப்பின் மறுநுனியை நல்ல மின்கலத்தின் நேர்முனையில். பிறகு கறுப்புக் கவ்வியை நல்ல மின்கலத்தின் எதிர்முனையில். கடைசிக் கறுப்புக் கவ்வியை மட்டும் தீர்ந்துபோன மின்கலத்தில் மாட்டக்கூடாது. அதிலிருந்து தள்ளி, எஞ்சின் பகுதியில் சாயம் பூசாத ஓர் உலோகத்தில் மாட்ட வேண்டும். ஏன் தெரியுமா? மின்சுற்று முழுமையாகும் அந்தக் கடைசி இணைப்பில்தான் தீப்பொறி பறக்கும். ஈய அமில மின்கலத்தில் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். ஹைட்ரஜனும் தீப்பொறியும் ஒரே இடத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயில் ‘பொப்’ என்று கேட்டிருப்பீர்கள். இது அதைவிடப் பெரிய ‘பொப்’.

2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் சிக்கிய காரின் கதவு ஏன் திறப்பதில்லை? ஒரு மீட்டர் அகலக் கதவின் மீது அரை மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அது கதவை அழுத்தும் விசை சுமார் 1,200 நியூட்டன். ஏறத்தாழ 120 கிலோ எடை கதவில் சாய்ந்திருப்பதற்குச் சமம். ஆகவே கதவோடு போராடாமல் உடனே இருக்கைப் பட்டையைக் கழற்றி, மின்சாரம் இருக்கும்போதே ஜன்னலை இறக்கி வெளியேற வேண்டும். ஜன்னல் இறங்காவிட்டால்தான் கண்ணாடி உடைக்கும் சுத்தியல். 100 நியூட்டன் விசையை 25 சதுர சென்டிமீட்டர் முட்டியால் கொடுப்பதற்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் கூர்முனையால் கொடுப்பதற்கும் அழுத்தத்தில் 2,500 மடங்கு வித்தியாசம். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட் வகையைச் சேர்ந்தது. அதன் மேற்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் இருப்பதால், ஓர் ஓரத்தில் கீறல் ஆழமாக இறங்கினாலே முழுவதும் பொடிப்பொடியாகும். முன்கண்ணாடியை முயல வேண்டாம். இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது அது. விரிசல் விடும், வழி விடாது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். கண்ணாடியின் மூலையில் எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள், இன்றே பார்த்து வையுங்கள். சுத்தியல் ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்பெட்டியில் உள்ள சுத்தியல் ஆணி அடிக்கத்தான் உதவும்.

காரில் விட்டுப்போகக் கூடாதவையும் உண்டு. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒளி கண்ணாடி வழியே புகுந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. அவை காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்று வெளியேற வழியில்லை. வெளியே 33 டிகிரி செல்சியஸ் என்றால், ஒரு மணி நேரத்தில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும். வாசனைத் தெளிப்பு டின்களில் ‘50 டிகிரிக்கு மேல் வெப்பம் படக்கூடாது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லைட்டருக்குள் இருக்கும் பியூட்டேனின் அழுத்தம் 20 டிகிரியில் இருப்பதைவிட 50 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் மேல். பவர் பேங்கில் உள்ள லித்தியம் மின்கலம் சூட்டில் உப்பலாம், பழுதானதாக இருந்தால் தீயும் பிடிக்கலாம். எஞ்சினை முடுக்க விற்கப்படும் கையடக்க லித்தியம் கருவிகளுக்கும் இதே சிக்கல்தான். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் நம் ஊர்க் கார்களுக்குப் பழைய கேபிளே பொருத்தம் என்பேன்.

முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணியும் கையுறையும் கத்தரிக்கோலும் இருக்கட்டும். மாத்திரைகளும் ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரும் வேண்டாம். பல மருந்துகளின் உறையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கும்படி அச்சிட்டிருக்கும். அவை உங்களுடன் கைப்பையில் ஏறி, நீங்கள் இறங்கும்போது உங்களுடனேயே இறங்க வேண்டும்.