படிக்காமலே கையெழுத்துப் போடலாமா?

பிள்ளைகளின் புத்தகத்தில் 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று பெற்றோர் மனு கொடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் பெற்றோர் கூட்டம் என்றால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. லீவில் படிக்கச் சொன்ன கதைப் புத்தகத்தில் ஒருத்தி புருஷனை விட்டுப் போகிறாளாம்! 'நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க' என்று தாளை நீட்டுகிறார்கள். 'நீங்க படிச்சீங்களா?' என்றால், 'இல்லீங்க, பக்கத்து வீட்டுல சொன்னாங்க' என்று பதில் வருகிறது.

இப்படி எதிர்ப்புக் கிளம்பி ஒரு பாடமே காணாமல் போன கதையைத் தோழிகளுக்குச் சொல்ல வேண்டும்.

சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடைகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேல்சீலை போடக் கூடாது என்று தடுத்தார்கள். போட்ட பெண்களை 1822-ல் பொது இடத்திலேயே தாக்கினார்கள். எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு 1859-ல்தான் மேலுடம்பை மறைத்துக்கொள்ள அரசு அனுமதி கிடைத்தது. அதிலும், 'உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது' என்று ஒரு கொக்கி! இவ்வளவும் அந்தப் பாடத்தில் இருந்தது.

ஆனால் அதே பாடம், நாடார் மக்களை எங்கிருந்தோ பிழைக்க வந்த கள் இறக்கும் கூட்டம் என்கிற மாதிரி எழுதியிருந்தது. 2012-ல் தமிழ்நாட்டில் கட்சி பேதமில்லாமல் எதிர்ப்பு கிளம்பியது. கோபம் நியாயம்தான். நம் வீட்டுப் பெரியவர்களைத் தாழ்த்தி எழுதினால் நாம் சும்மா இருப்போமா? அந்த வரிகளைத் திருத்தியிருக்கலாம். ஆனால் 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியையே நீக்கி, அதிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2019-ல் உடை பற்றிய பாடம் முழுசாகவே போய்விட்டது. அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கிப் போடுவோம். மூட்டையோடா குப்பையில் கொட்டுவோம்?

எதையுமே எதிர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் புத்தகம் ஒன்றில், பெண்ணுக்கு 36-24-36 அளவுதான் சிறந்த உடல்வாகு என்று அச்சிட்டிருந்தார்கள். 2017-ல் கண்டனம் எழுந்ததும் பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. நல்லவேளை! வயசுப் பெண்கள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண வேண்டுமா? அங்கே தப்பு எது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. விருப்பப்பட்டுப் படிக்கிற கதைப் புத்தகத்தை, அட்டையைக்கூடப் பார்க்காமல் தடுப்பது அப்படியா?

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தோளில் துணி போட்டதற்காகச் சந்தையில் வைத்து ரவிக்கையைக் கிழித்த கதையை, அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டு விழா நடந்தது. தமிழக, கேரள முதல்வர்கள் இரண்டு பேரும் மேடையில் இருந்தார்கள். டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி என் பக்கம் திரும்பி, 'இதத்தானே மக்ளே பொஸ்தகத்துல வேண்டாம்னு எடுத்தாவ?' என்று கேட்டார்.

- ஒரு வாசகி, திருமுல்லைவாயல்.