கோணல் எஞ்சின்களின் கணக்கு

ஷே எஞ்சினுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் அதன் கோணல்தான் முதலில் கண்ணில் படும். பாய்லர் நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வலப்பக்கத்தில் மட்டும் சிலிண்டர்கள் செங்குத்தாக வரிசைகட்டி நிற்கின்றன. இடப்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் சக்கரங்கள்; அவற்றைச் சுழற்றுவது எது என்றே தெரியாது. மாதிரி ரயில் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட எஞ்சின்கள் மேல் தனி ஆசை. வினோதமாகத் தெரியும் எந்த உறுப்பும் அவற்றில் அலங்காரத்துக்காக வந்ததில்லை. எஞ்சின் ஓட வேண்டியிருந்த நிலம்தான் அதை அங்கே வைத்தது. சின்னதாகச் செய்து பார்க்கும்போது அந்தக் காரணம் கைக்கே விளங்கிவிடுகிறது.

எஃப்ரெய்ம் ஷே அமெரிக்காவின் மிச்சிகனில் மரம் வெட்டி விற்றவர். குளிர்காலத்தில் பனிமேல் சறுக்கி மரங்களைக் காட்டிலிருந்து கொண்டுவந்துவிடலாம். பனி இல்லாத மாதங்களில் வேலை நின்றுபோகும். மரக்கட்டைகளையே தண்டவாளமாகப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண நீராவி எஞ்சினின் கனத்த இணைப்புத் தண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் பாதையை ஓங்கி அடிப்பதால் மரத் தண்டவாளம் தாங்கவில்லை. ஷே அந்தத் தண்டுகளையே விட்டொழித்தார். 1881-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒஹையோவின் லைமா ஆலை 1945 வரை ஏறத்தாழ 2,770 ஷே எஞ்சின்களைக் கட்டியது.

அவர் செய்த மாற்றம் இது. சிலிண்டர்கள் எஞ்சினின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றுகின்றன. அதிலிருக்கும் சாய்பற்சக்கரங்கள், அதாவது சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிவிடும் பற்சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்தையும் ஓட்டுகின்றன. எஞ்சினின் எந்தச் சக்கரமும் சும்மா உருள்வதில்லை, எல்லாமே இழுக்கின்றன. வலப்பக்கம் ஏறிய கனத்தைச் சமன்செய்யத்தான் பாய்லர் இடப்பக்கம் நகர்ந்தது. இன்னும் ஒரு சிக்கல் மீதியிருந்தது. வளைவில் போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள், திரும்பும்போது தண்டின் நீளம் மாறியாக வேண்டும். அதனால் தண்டைத் துண்டுகளாக்கி, எந்தக் கோணத்திலும் மடங்கும் மூட்டுகளை வைத்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நீண்டு சுருங்கும்படி செய்தார்கள். தண்டு பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால் ஷேயின் சத்தத்தைக் கேட்டால் விரைவு ரயில் வருவதுபோல இருக்கும். வருவதோ நடை வேகத்தில்.

இந்த நெளிவு மாதிரி ரயிலுக்கு மிகவும் தேவை. உலகில் அதிகம் புழங்கும் மாதிரி அளவு ஹெச்ஓ. அசலில் 87 மீட்டர் இருப்பது இதில் ஒரு மீட்டர். வீட்டு மேசையில் இடம் குறைவு என்பதால் 457 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுகள் சாதாரணம். இதை 87-ஆல் பெருக்கினால் வெறும் 40 மீட்டர். இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 175 மீட்டர். மெயில் ரயில் இழுக்கும் நீண்ட எஞ்சினை மேசை வளைவில் விட்டால் அது முறைத்துக்கொண்டு நிற்கும். காட்டு வளைவுக்காகப் பிறந்த ஷே சொந்த ஊரில் ஓடுவதுபோல ஓடும்.

வளைவை வேறு வழியில் வென்றவர் ஹெர்பர்ட் வில்லியம் காரட். இரண்டு எஞ்சின்களின் சக்கரத் தொகுதிகளை இடைவெளிவிட்டு நிறுத்தி, நடுவே ஒரே பாய்லரைத் தொங்கவிட்டது அவருடைய யோசனை. இரு தொகுதிகளும் பாதையோடு திரும்பும். பாய்லர் அவற்றுக்கிடையே வட்டத்தின் நாண்போல நேராகக் கிடக்கும். அதன் எடை வளைவின் உட்புறம் சாய்வதால் எஞ்சின் வெளிப்புறம் கவிழாமல் நிலைத்து நிற்கிறது. பாய்லருக்கு அடியில் சக்கரமே இல்லாததால் நெருப்புப் பெட்டியை ஆழமாகவும் அகலமாகவும் வைக்கலாம். மான்செஸ்டரின் பேயர் பீகாக் ஆலை 1909-இல் முதல் காரட் எஞ்சினைத் தாஸ்மேனியாவின் இரண்டடிப் பாதைக்காகக் கட்டியது. அந்தக் குள்ள எஞ்சினின் வாரிசாக 1955-இல் கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வேயின் 59-ஆம் வகை வந்தது. மொத்தம் 34 எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மலையின் பெயர். மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபி வரை ஏறும் பாதை ஒரு மீட்டர் அகலமே உடையது. அதில் 252 டன் எடையுள்ள எஞ்சின் ஓடியது.

இதே எஞ்சினை ஹெச்ஓ அளவுக்குச் சுருக்கினால் எடை என்ன ஆகும்? நீளம் 87-இல் ஒரு பங்காகும்போது அகலமும் உயரமும் அப்படியே குறைகின்றன. ஆகவே எடை ஏறத்தாழ 6,58,500-இல் ஒரு பங்காகிவிடும். 252 டன் 383 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடைகூட இல்லை. எடை போனால் தண்டவாளத்தின் மேல் சக்கரத்துக்கு இருக்கும் பிடிப்பும் போய்விடும். அதனால் மாதிரி செய்பவர்கள் உடலுக்குள் ஈயத்தை மறைத்துவைக்கிறார்கள். சில சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள். அசல் காரட்டிலும் இதே கவலை இருந்தது. அதன் தண்ணீரும் எரிபொருளும் சக்கரத் தொகுதிகளின் மேலேயே இருந்ததால், பயணம் நீள நீள அவை தீர்ந்து பிடிப்பும் குறைந்துகொண்டே வரும்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் தொல்லை கொடுத்தது புகை. பனிச்சரிவிலிருந்து பாதையைக் காக்க மரக்கொட்டகைகளை நீளநீளமாகக் கட்டியிருந்தார்கள். அவற்றோடு சுரங்கங்களும் இருந்தன. அவற்றுக்குள் நுழைந்தால் புகைபோக்கிக்குப் பின்னால் நிற்கும் ஓட்டுநருக்கு மூச்சு முட்டும். சதர்ன் பசிபிக் நிறுவனம் எஞ்சினையே திருப்பிப் போட்டது. ஓட்டுநர் அறை முன்னே வந்தது. புகைபோக்கி பின்னே போனது. நிலக்கரி என்றால் இது நடக்காது, பின்னாலிருக்கும் வண்டியிலிருந்து முன்னாலிருக்கும் நெருப்புக்கு அள்ளிப்போட முடியாதே! எரியெண்ணெய் என்பதால் எஞ்சின் நெடுக குழாய் வழியே முன்னால் அனுப்ப முடிந்தது. இப்படி 256 எஞ்சின்கள் ஓடின. 1944-இல் வந்த கடைசி எஞ்சின் 4294 சாக்ரமெண்டோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வினோதம் எஞ்சின்களோடு முடிவதில்லை. சுமை இருந்தால்தான் முழுமையாகும் சரக்கு வண்டியும் உண்டு, பெயர் ஷ்னாபெல். மின்நிலையத்து மின்மாற்றி, அணு உலைக் கலம் போன்றவை எந்தத் தட்டு வண்டியிலும் ஏற்ற முடியாத அளவுக்குப் பெரியவை. ஷ்னாபெல் வண்டியை நடுவில் பிரித்து, இரு பாதிகளின் கைகளுக்கிடையே சுமையை மாட்டுகிறார்கள். சுமையே வண்டியின் நடு உடலாகிவிடுகிறது. தன் எடையைத் தானே பாலம்போல நின்று தாங்குகிறது. வட அமெரிக்காவில் ஓடிய சிஇபிஎக்ஸ் 800 என்ற வண்டிக்கு 36 அச்சுகள், 72 சக்கரங்கள். சாதாரணச் சரக்கு வண்டிக்கு நான்கே அச்சுகள். போகிகளைச் சட்டங்களால் இணைத்து, அந்தச் சட்டங்களை மேலும் பெரிய சட்டங்களால் இணைத்து, எடையைப் படிப்படியாகப் பகிர்ந்திருந்தார்கள். வழியில் சிக்னல் கம்பமோ நடைமேடையோ இடித்தால் சுமையைப் பக்கவாட்டில் நகர்த்தவும் உயர்த்தவும் அதில் வசதி இருந்தது. இதை மாதிரியாகச் செய்பவருக்கு 72 சக்கரங்களும் ஒன்றுபோலத் தண்டவாளத்தைத் தொட வேண்டும். அந்தச் சட்ட அடுக்கு எதற்கென்று அங்கேதான் புரியும்.

நம் பக்கத்து எஞ்சின் ஒன்று இவை எல்லாவற்றுக்கும் சளைத்ததல்ல. நீலகிரி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை அது. கல்லாரிலிருந்து குன்னூர் வரை பாதை மிகச் செங்குத்தான இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. இரும்பின் மேல் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம், அதாவது பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை, இரண்டு வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு வரிசையின் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எனவே எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடி நழுவாது. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட முறை இது. ஏறும்போது எஞ்சின் ரயிலின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிகள் கழன்று கீழே உருண்டுவிடாமல் இருக்க இது நல்ல காவல்.

உண்மையான சாமர்த்தியம் சிலிண்டர்களில் இருக்கிறது. எக்ஸ் எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிலிண்டர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரையிலான சமவெளியில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலைசெய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. பற்சட்டம் தொடங்கியதும், கீழே வேலை முடித்த நீராவியை வீணாக வெளியே விடாமல் மேல் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறார்கள். அவை பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. ஆனால் ஒருமுறை உழைத்த நீராவி விரிந்து பருத்திருக்கும். அதைக் கொள்ள வழக்கமாக இன்னும் பெரிய சிலிண்டர் வேண்டும். இதைக் கட்டிய சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலைப் பொறியாளர்கள் சிலிண்டரைப் பெரிதாக்கவில்லை. இடையில் பற்சக்கரங்களைப் புகுத்தி, மேல் பிஸ்டன்களைக் கீழுள்ளவற்றைவிட வேகமாக ஓடவிட்டார்கள். அதன் விளைவாக மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. ஒரே பக்கத்தில் இரு வேகங்கள், இரு திசைகள்! ஹெச்ஓ அளவில் இந்த எஞ்சினின் தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர்தான். அதற்குள் இந்த ஆட்டத்தை ஓடவைப்பவர் பெரிய கைவினைஞர்.

சுவிட்சர்லாந்திலிருந்து எக்ஸ் எஞ்சின்கள் கடைசியாக வந்தது 1952-இல். பழையவை தேய்ந்தபோது, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை 2010-களில் தொடங்கிப் புதிய எக்ஸ் எஞ்சின்களைத் தானே கட்டி மலைக்கு அனுப்பியது. முதலில் எண்ணெயில் ஓடுபவை, பிறகு நிலக்கரியில் ஓடுவதும். மாதிரிக் கலைஞர் மேசையில் செய்வதைப் பொன்மலைத் தொழிலாளர்கள் முழு அளவில் செய்துகாட்டினார்கள். மாதிரி ரயிலில் இறங்க நினைக்கும் எவரும் முதலில் ஊட்டிக்குப் போகும் இந்த மலை ரயிலில் ஏற வேண்டும். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் நிற்கும்போது இறங்கி, மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் பார்த்துக் குறிப்பெடுங்கள். நல்ல மாதிரிக்கு வேண்டிய முதல் வரைபடம் அதுதான்.