காட்சிப்படுத்தலின் அதிகாரம்: டெர்வுரன் அருங்காட்சியகத்தை முன்வைத்து

ஐரோப்பா கிளம்பும் நண்பர்கள் எந்த மியூசியத்தைப் பார்க்கலாம் என்று கேட்டால் நான் லூவரைச் சொல்வதில்லை. அதை யாரும் சொல்லாமலே போய்ப் பார்த்துவிடுவார்கள். பிரஸ்ஸல்ஸில் 44ஆம் எண் டிராம் ஏறிக் காட்டு வழியே கடைசி நிறுத்தம்வரை போங்க என்பேன். அங்கேதான் டெர்வுரன், ஆப்பிரிக்க அருங்காட்சியகம்.

அருங்காட்சியகமும் ஒரு பிரதிதான் என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இங்கே அதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாம் லியோபோல்டு மன்னர் 1885 முதல் 1908வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாகவே வைத்திருந்தார். ரப்பருக்காகக் கைகளை வெட்டிய ஆட்சி அது. அதற்கு நல்ல பேர் தேட 1897இல் இங்கே ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். 267 காங்கோ மக்களைக் கப்பலில் கொண்டுவந்து, போலிக் கிராமம் அமைத்து, வேடிக்கை காட்டினார்கள். ஜனங்கள் மிட்டாய் எறிந்திருக்கிறார்கள். ஏழு பேர் செத்துப்போனார்கள். 1910இல் திறந்த இன்றைய கட்டடம் அந்தக் கண்காட்சியின் நீட்சிதான்.

வட்ட மண்டபத்தில் பொன்னிறச் சிலைகள். ஒன்றில் வெள்ளைப் பாதிரியாரும் காங்கோக் குழந்தையும். தலைப்பு, பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகத்தைக் கொண்டுவருகிறது. காலனியப் பார்வையைக் களைகிறோம் என்று 2013 முதல் 2018வரை மூடிப் புதுப்பித்த பிறகும் இவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கட்டடம் மரபுச் சின்னம், கைவைக்கச் சட்டம் விடாது. அகற்ற முடிந்த சிலைகளைத் தனி அறையில் அடைத்துவிட்டார்கள். அதில் 'சிறுத்தை மனிதன்' என்ற சிலையும் ஒன்று. அதை வைத்து காங்கோ ஓவியர் செரி சாம்பா 2002இல் ஓர் ஓவியம் தீட்டினார். சிலையைக் காங்கோக்காரர்கள் கயிறு கட்டி வெளியே இழுக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் பின்னால் பிடித்து இழுக்கிறார்கள். நாம நாற்பது பக்கம் எழுதி மாய்ந்துபோகிற விஷயம்!

பொருட்களைத் திருப்பித் தருவது பற்றியும் பேசுகிறார்கள். 2022இல் பெல்ஜிய மன்னர் காக்குங்கு என்ற முகமூடியைக் கின்ஷாசாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடை அல்ல, காலவரையற்ற இரவல். இந்தச் சொல்லை யார் யோசித்துக் கண்டுபிடித்தார்களோ.

என்னை நிறுத்திவைத்தது நினைவுக்கூடச் சுவர். 1908க்கு முன்பு காங்கோவில் இறந்த 1508 பெல்ஜியர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. மாண்டுபோன லட்சக்கணக்கான காங்கோ மக்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. இந்தச் சுவரையும் தொட முடியாது. எனவே ஃப்ரெடி சிம்பா என்ற காங்கோ கலைஞர் எதிரே உள்ள ஜன்னல் கண்ணாடிகளில், 1897இல் இங்கே இறந்த ஏழு பேரின் பெயர்களைப் பொறித்தார். வெயில் அடிக்கும்போது அந்தப் பெயர்கள் பெல்ஜியர் பெயர்கள்மீது நிழலாக விழும்.

நான் போன அன்று மூட்டம். அரை மணி நேரம் நின்றும் நிழல் விழவில்லை. கலைஞரை நான் குறை சொல்லவில்லை. அதிகாரத்தின் பிரதிமேல் எழுத அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆனால் அதை அழகு என்று சொல்லி நகரும் விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தரப்புக்கு நிரந்தரச் சுவர், இன்னொரு தரப்புக்கு வானிலை. இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போகிறவர்கள் திரும்பி டிராம் ஏறுவதற்கு முன் ஊர்த் தேவாலயத்துக்கும் போங்க. சுவரை ஒட்டி ஏழு கல்லறைகள். எகியா, கெம்பா, கிட்டுக்வா, ம்பேயா, ஸாவோ, சம்பா, மிபாங்கே. அன்றைய மூட்டத்திலும் படிக்க முடிந்தது.