அகத்தியர் விண்மீனின் உண்மை ஒளி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணியளவில் வானம் தெளிந்திருந்தால், லயத்து விளக்குகளை விட்டுச் சற்று விலகி நின்று தெற்கே பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வெண்மையாகச் சுடர்வது சிரியஸ். கிரகங்களை விட்டுவிட்டால், இரவு வானத்தில் அதிக ஒளியுடன் தோன்றும் விண்மீன் அதுதான். அதற்கும் கீழே, செம்பனை மட்டைகளுக்கு மேலே, இரண்டாம் இடம் பெற்று நிற்பது நம் முன்னோர் அகத்தியர் பெயரால் அழைத்த விண்மீன். மேல்நாட்டார் அதைக் கனோபஸ் என்பர். இவ்விரண்டில் உண்மையிலேயே அதிக ஒளி உடையது எது? பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் சிரியஸ் என்பார்கள். ஆனால் கண் சொல்லும் தீர்ப்பை அப்படியே ஏற்பதற்கில்லை. கோல சிலாங்கூரில் மெலாவாத்திக் குன்றின்மேல் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால், அதைவிட நம் கையிலுள்ள டார்ச் விளக்கல்லவா அதிகமாகக் கூசுகிறது?

ஆகவே முதலில், கண்ணுக்குத் தோன்றும் ஒளியை எண்ணால் சொல்ல வேண்டும். பழங்காலத்துக் கிரேக்கர் விண்மீன்களை ஆறு தரமாகப் பிரித்தனர். முதல் தரம் மிகுந்த ஒளி, ஆறாம் தரம் கண்ணுக்கு அரிதாகத் தெரிவது. அது வெறும் மதிப்பீடு. 1856-இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அதற்குக் கணக்கு வகுத்தார். ஐந்து தர வேறுபாடு என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வேறுபாடு என்றார். அப்படியானால் ஒரு தரத்துக்கு எத்தனை மடங்கு? இருபது என்று சொல்லிவிடாதீர்கள். சுமார் இரண்டரை மடங்கு. இரண்டரையை ஐந்து முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ நூறு வரும்.

இந்தப் போக்சன் 1861-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891-இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். தென்வானத்தில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டுபிடித்தார். தரத்தைக் கவனமாகக் குறித்து வைப்பவர்க்கே இத்தகைய மாற்றம் புலப்படும். பஞ்சாங்கக் கணிதத்திலிருந்து தொலைநோக்கிக்கு வந்த அவரைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். சிரியஸுக்கும் அகத்தியருக்கும் உள்ள வேறுபாடு முக்கால் தரத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது, நம் கண்ணுக்குச் சிரியஸ் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒளியாகத் தெரிகிறது.

அடுத்தது தொலைவு. கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு இடங்களிலிருந்து விண்மீனைப் பார்க்கிறோம். அருகிலுள்ள விண்மீன் மிக நுண்ணிய அளவில் இடம் மாறும். 1838-இல் பெசல் என்ற ஜெர்மானியர் இம்முறையில் ஒரு விண்மீனின் தொலைவைக் கண்டார். அகத்தியருக்கு நம்பத்தக்க அளவு கிடைப்பதற்கு, 1989-இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக் கோள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிரியஸ் 8.6 ஒளியாண்டு, அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர்.

தொலைவு கூடினால் ஒளி எவ்வளவு குறையும்? தோட்டத்தில் மருந்து பம்பு அடித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு முழத்தில் பிடித்தால் சாரல் ஓர் இலையில் விழும். இரண்டு முழத்தில் பிடித்தால் அகலமும் இரட்டிப்பு, உயரமும் இரட்டிப்பு. நான்கு இலைகளில் விழும். ஒவ்வோர் இலைக்கும் கால் பங்குதான். மூன்று முழமானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒளியும் அவ்வாறே.

அகத்தியர் 36 மடங்கு தொலைவில் இருக்கிறார். 36-ஐ 36-ஆல் பெருக்கினால் 1,296. இரண்டும் ஒரே தொலைவில் நின்றால் அகத்தியரின் ஒளி ஏறத்தாழ 1,300 மடங்கு கூடும். இப்போது பாதியாகத் தெரிவதால் இரண்டால் வகுக்க வேண்டும். விடை 650. உண்மையில், சிரியஸைப் போல் சுமார் 650 மடங்கு ஒளியை அகத்தியர் வீசுகிறார்! சிரியஸே சூரியனைப் போல் இருபது மடங்குக்கு மேல் என்றால், அகத்தியர் பத்தாயிரம் சூரியனுக்கும் மேல்.

அளவையும் காணலாம். உலையில் காய்ச்சிய இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெளுக்கும். விண்மீனின் நிறமும் வெப்பத்தைக் காட்டும். திருவாதிரை சிவந்திருப்பது வெப்பம் குறைவு என்பதால்தான். சிரியஸின் மேற்பரப்பு பத்தாயிரம் டிகிரியை ஒட்டியது. அகத்தியர் ஏழாயிரம் சொச்சம். வெப்பம் குறைந்தால் ஒளி வேகமாகக் குறையும்; ஆகவே அகத்தியரின் ஒவ்வொரு சதுர அடியும் சிரியஸில் மூன்றில் ஒரு பங்கு ஒளியே தரும். அப்படியிருந்தும் 650 மடங்கு ஒளி என்றால், பரப்பு சுமார் 2,000 மடங்கு. அதன் வர்க்கமூலம் கண்டால், குறுக்களவு நாற்பது மடங்குக்கு மேல்.

இன்றிரவு நீங்கள் காணும் அகத்தியரின் ஒளி 310 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. சிலாங்கூரின் முதல் சுல்தான் 1766-இல் முடிசூடியபோது, அது வழியில் ஆறில் ஒரு பங்கு தூரந்தான் வந்திருந்தது.